ஒப்படைத்த வாக்கு

மழை தவறின ஊரிலெல்லாம் மொட்டைப்பாறைக்காரன் வந்து போர் போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருப்பான், அந்த மொட்டைப்பாறையில் குடிக்கத் தண்ணீர் லாரியில் வரும். அப்படிப்பட்ட ஊரில் நடந்தது இது. அழகாகச் சொல்ல எனக்கு வராது. நடந்ததும் அழகில்லை.

வீட்டுக்கு ஓர் ஆள் போர் போடுகிற ரிக் வண்டியில் போய்விடுவான், சத்தீஸ்கர், குஜராத், ராஜஸ்தான் என்று எங்கே பாறை இருக்கிறதோ அங்கே. ஆறு மாதம் எட்டு மாதம் ஆள் வரமாட்டான். அவனையும் ஊரையும் சேர்த்து வைக்கிறேன் என்று பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பின நவநீதன் போனில் ஒன்றைச் செய்தான். ‘சாவடி’ என்று பேர் வைத்தான். அதில் படம் போடலாம், சேதி எழுதலாம், வம்பு பேசலாம். நல்லா இருக்கிறது என்று நாலு பேர் மெச்சினால் எழுதினவனுக்குக் காசு வரும். கையில் பிடிக்கிற காசு இல்லை, கம்ப்யூட்டருக்குள்ளேயே முளைக்கிற காசு. அதற்குத் ‘துளி’ என்று பேர். போர் போடுகிற ஊர் அல்லவா, பேருக்குப் பஞ்சமில்லை.

மெச்சுவதற்கும் கனம் உண்டு. சாவடிக்குள் எவ்வளவு துளியைப் பூட்டி வைத்திருக்கிறாயோ அவ்வளவு கனம். ஒரு துளிக்காரன் மெச்சினால் ஈ உட்கார்ந்த மாதிரி. அத்தப்பன் மெச்சினால் எருமை உட்கார்ந்த மாதிரி. அத்தப்பன் யார் என்றால் நவநீதனின் தாய்மாமன், ஊர் ரிக்குகளில் பாதிக்கு முதலாளி, ஊருக்கு வடக்கே கோழிப்பண்ணை வேறு. அவர் தின்று முடித்த இலையைப் படம் எடுத்துப் போட்டு, தானே அதை மெச்சி, தானே துளி வாங்கிக்கொண்டார். அதே வாரம் அவருடைய ரிக்கில் டிரில்லராக இருந்த மயில்சாமி, பாறை உடைந்து தண்ணீர் பனை உயரத்துக்குப் பீறிட்டு, நனைந்த பிள்ளைகள் ஆடுகிற படம் போட்டான். ஊரே மெச்சியது. அதற்கு வந்த துளி ஒரு டீக்கு ஆகவில்லை.

இதில் தப்பு ஒரு சொல்லில் இருந்தது. இப்படி மெச்சுவதற்குத் தமிழில் என்ன பேர் வைப்பது என்று நவநீதன் கணக்கு வாத்தியார் தேவசகாயத்திடம் கேட்டான். அவர், “ஓட்டுன்னு வைப்பா, எல்லாருக்கும் புரியும்” என்றார். “ஓட்டுன்னா கட்சி வாடை அடிக்குதுங் சார்” என்று சொல்லி அவன் ‘வாக்கு’ என்று வைத்தான். வாக்கு என்றால் சொல். வாயிலிருந்து வருவது. அதை எடை போட்டு விற்கலாம் என்று எழுதி வைத்தால் அது சும்மா இருக்குமா? ஓட்டு என்றே விட்டிருந்தால் கூரையில் நாலு ஓடு போயிருக்கும், அதோடு தொலைந்திருக்கும்.

ஆடி நோம்பிப் பண்டிகை முடிந்த மறுநாள் காலை அத்தப்பன் வீட்டுக்குள் பல் விளக்கிக்கொண்டே “காப்பி” என்றார். பஸ் ஸ்டாண்டில் காக்கைகள் எழும்பின, பேக்கரியில் டீ கிளாஸ்கள் மேசைமேல் நகர்ந்தன, மூன்றாவது தெருவில் ஒரு பெண்பிள்ளை யாருக்கென்று தெரியாமலே அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். அதே நேரத்தில் பேக்கரிக்காரர் சம்பத் வாடிக்கையாளரைப் பார்த்து “வாங்க” என்றது அவர் காதுக்கே எட்டவில்லை.

யாரும் டாக்டரிடம் ஓடவில்லை. போனைத் திறந்து, தன் பேரில் எத்தனை துளி என்று பார்த்தார்கள், குரலும் துளியும் ஒத்துப்போயிற்று. கணக்குச் சரியாக இருந்தால் எங்கள் ஊரில் அதற்குமேல் எதையும் கேட்கிற வழக்கமில்லை.

இருமல், தும்மல், ஏப்பம், விக்கல், அழுகை எல்லாம் பழையபடியே இருந்தன, சொல் மட்டும்தான் துளிக்குத் தக்கபடி வந்தது. மைக் வைத்துப் பார்த்தார்கள், மைக்கும் ஆளைப் பார்த்துத்தான் பேசியது. அப்புறம் பழகிவிட்டார்கள், பழகுவதற்கென்றே பிறந்தவர்கள் மாதிரி. கண்டக்டர் ஊர்ப் பேர் சொல்வதை விட்டுவிட்டு விசிலை வைத்துக்கொண்டார். கீரைக்காரி தகரத்தைத் தட்டிக்கொண்டு போனாள். பூசாரி மந்திரத்தை மனசுக்குள் சொல்லிவிட்டு மணியை மட்டும் பலமாக ஆட்டினார். தரகர்கள் பெண் வீட்டில் உட்கார்ந்து, “பையனுக்கு நாலு தெருச் சத்தமுங்க, அவங்கப்பனுக்கு ஆறு தெரு, சேர்ந்து பேசுனா கரடு தாண்டும்” என்று பேரம் பேசினார்கள். ஒரு தெருச் சத்தம்கூட இல்லாதவனுக்கு அத்தை மகளும் கழுத்தை நீட்டவில்லை. புருஷனைவிடப் பொண்டாட்டிக்குத் துளி அதிகம் இருந்த வீடுகளில் சண்டை ஒரு பக்கமாகவே நடந்தது. இழவு வீட்டில் செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு சொல் சொல்ல, சத்தமுள்ள ஆளை வண்டி வைத்து அழைத்து வந்தார்கள். அவருக்குச் செத்தவனைத் தெரியாது. ஆனாலும் நன்றாகச் சொன்னார்.

என்னிடம் இருந்தது பொத்தான் போன். சாவடி அதில் ஏறாது. அதனால் என் லேத் பட்டறையில் நான் போடுகிற கூச்சல் முன்னே எப்படியோ அப்படியே இருந்தது. அதில் பெருமை ஒன்றும் இல்லை. சாவடியில் இல்லாதவன் பேச்சு நாய் குரைப்பது மாதிரி என்று ஊர் எடுத்துக்கொண்டது. காதில் விழும், யாரும் திரும்பமாட்டார்கள்.

இப்படியே போயிருந்தால்கூட ஏழை கிசுகிசுத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பான். அத்தப்பனுக்கு அது போதவில்லை. மருமகனிடம் சொல்லிச் சாவடியில் இன்னொரு கதவைத் திறந்தார். ‘வாக்கு ஒப்படைப்பு’ என்று அதற்குப் பேர். உன் வாக்கு ஈ கனம்தானே, அதை வைத்துக்கொண்டு என்ன கிழிக்கப்போகிறாய், என்னிடம் கொடு, எல்லோருடையதையும் சேர்த்து நான் பேசுகிறேன், தினமும் உனக்கு ஒரு பங்கு துளி தருகிறேன். திருப்பி வேண்டுமென்றால் கேட்ட நாளிலிருந்து மூன்று மாதம் பொறுக்கணும். இதுதான் விதி.

வரிசையில் நின்று கொடுத்தார்கள். சம்பத் கொடுத்தார், கண்டக்டர் கொடுத்தார், பூசாரி கொடுத்தார். கொடுத்த கணத்தில் அந்தக் கிசுகிசுப்பும் போயிற்று. சம்பத்துக்கு வாய் அசையும், சத்தம் வராது. அத்தப்பன் வாயைத் திறந்தால் முதல் சொல் சம்பத் குரலில் வரும், அடுத்தது கண்டக்டர் குரலில், அதற்கடுத்தது பூசாரியின் கட்டைத் தொண்டையில். எச்சில் பாத்திரத்தில் பத்து வீட்டுக் குழம்பு கலந்த மாதிரி இருக்கும். ஊர்க்காரர்கள் கைகட்டிக்கொண்டு நின்று அதில் தங்கள் குரல் எப்போது வரும் என்று காத்திருந்து கேட்டார்கள். வந்ததும் பக்கத்து ஆளை முழங்கையால் இடித்துக் காட்டினார்கள், சொந்தப் பிள்ளை மேடையில் ஆடுகிற மாதிரி.

மயில்சாமியின் பொண்டாட்டி பரிமளாவும் கொடுத்தாள். அவள் என் பட்டறைக்கு எதிர்வீடு. மயில்சாமிக்கு நெஞ்சில் பாறைத்தூள் இறங்கிவிட்டது, பத்து வருஷம் கல்லைப் பொடியாக்கி மூச்சில் இழுத்தால் நெஞ்சு என்ன சல்லடையா? ராய்ப்பூரில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, ரிக் பக்கமே போகாதே என்று சொல்லிவிட்டார். அவன் அதை அவளிடம் சொன்னான், முதலாளியிடம் சொல்லவில்லை. வைத்தியத்துக்கு ஆகும் என்று அவள் வாக்கை ஒப்படைத்தாள். அவனை வரச் சொல்லிப் பிறகு கொடுத்திருக்கலாம். முதலில் கொடுத்துவிட்டாள்.

அப்புறம் அவனை வீடியோவில் பார்க்கத்தான் முடிந்தது. இவள் வாயசைப்பாள், அவன் “சிக்னல் இல்லியாட்ட இருக்குது” என்று கிசுகிசுத்துவிட்டு இருமுவான். கிசுகிசுப்பு அரைகுறையாகக் கேட்கும், இருமல் முழுசாகக் கேட்கும். ஒருநாள் அவன், “செரி அம்மிணி, நீ நேத்துச் சொன்னாப்பலயே பண்றேன். இங்க இந்த ஒரு போர் முடிஞ்சா வண்டியோட விசாகப்பட்டினம் போயி கப்பல் ஏறிருவோம். ஆப்பிரிக்காவுல ரண்டு வருசம். வந்து நெலம் வாங்கலாம்” என்றான்.

அவள் நேற்று ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் சொல்வதற்கு வாயில் ஒன்றுமில்லை.

எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்து போனில் தட்டி எழுதி எனக்குக் காட்டினாள். நான் என் பொத்தான் போனில் மயில்சாமியைக் கூப்பிட்டேன். “டேய், உன்ற பொண்டாட்டி பேசலைடா. உன்ற மொதலாளி அவ குரல்ல பேசறான். மூட்டையைக் கட்டிட்டு வா” என்றேன்.

“அண்ணா, உங்களுக்கும் அவருக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும்” என்றான். “அவ எழுதியும் அனுப்பிச்சா. எழுத்தை ஆரு வேணாலும் எழுதலாமுங்க. குரலு அவளுது. எனக்குத் தெரியாதுங்களா?”

தெரியாதுதான். ஆனால் அதை அவனிடம் எப்படிச் சொல்வது? வைத்துவிட்டான்.

பரிமளா கோழிப்பண்ணைக்குப் போனாள். நானும் போனேன், பட்டறையை அப்படியே போட்டுவிட்டு. அத்தப்பன் தீவனக் கொட்டகையில் உட்கார்ந்து வேகவைத்த முட்டைகளை உரித்து ஒவ்வொன்றாக முழுசாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார். உடைசல் முட்டைகள், விற்க ஆகாதவை. அவள் போனில் எழுதி நீட்டினாள்: என் வாக்கைக் கொடுங்க, அவர் வந்தால்தான் பிழைப்பார்.

அவர் படித்துவிட்டு மஞ்சள் கரு ஒட்டின வாயோடு சிரித்தார். “மூணு மாசம் பொறு கண்ணு,” என்றார் பூசாரி குரலில். “கப்பல்,” என்றார் கண்டக்டர் குரலில், “அடுத்த வாரம்,” என்றார் சம்பத் குரலில். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தேடி எடுக்கிற மாதிரி நாக்கைச் சுழற்றி, பரிமளாவின் குரலிலேயே சொன்னார்: “நீயாத்தான கொடுத்தே அம்மிணி. நான் கேட்டு வாங்குனனா?”

மெல்லிசான குரல், ‘ன’கரத்தில் லேசாக இழுக்கிற குரல். அது அந்த வாயிலிருந்து முட்டை வாடையோடு வந்தது. பரிமளா அங்கேயே கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

“என்னய்யா மனுசன் நீ?” என்றேன்.

“நீ சாவடியில இருக்கறயா?” என்றார்.

“இல்லை.”

“அப்பறமென்ன, குரைக்காம போ.”

அன்றைக்கே பரிமளா சாவடியில் எழுதினாள்: ஒப்படைத்த வாக்கைக் கேட்ட அன்றே திருப்பித் தரணும். மூன்று மாதம் என்ற விதியை எடுக்கணும். அதை மெச்சியவர்கள் ஏராளம், எல்லாம் ஈ கனம், மொத்தம் சேர்ந்தும் ஒரு முட்டைக்கு வராது. ஆனால் நவநீதனுக்கு எங்கேயோ கொஞ்சம் வெட்கம் மிச்சமிருந்தது. வாக்கை எப்படி நியாயமாகப் பங்கு போடுவது என்று பேச ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டான். கூட்டம் என்றதும் எல்லோரும் வந்தார்கள், மதியம் பிரியாணி என்று சொல்லியிருந்ததால்.

தேவசகாயம் வாத்தியாருக்குக் குரல் முன் பெஞ்சைத் தாண்டாது, அதனால் கரும்பலகை கொண்டுவந்திருந்தார். வர்க்கமூலம் என்று எழுதினார். நூறு துளிக்குப் பத்து வாக்கு, பத்தாயிரம் துளிக்கு நூறே வாக்கு. பெரிய ஆள் பெரிய ஆளாகவே இருக்கலாம், ஆனால் ஊரை மிதிக்க முடியாது. நல்ல ஏற்பாடு. எனக்கே புரிந்தது.

சம்பத் எழுந்து போய்ச் சாக்பீஸை வாங்கி அதன் கீழே எழுதினார்: அவரு துளியை நூறு பேரு பேருல பிரிச்சு வெச்சுட்டா?

வாத்தியார் படித்துவிட்டுத் துணியை எடுத்தார். அப்புறம் எல்லாவற்றையும் அழித்தார்.

“நல்ல பதிவு போடறவனுக்கு அதிக வாக்குக் கொடுக்கலாம்” என்று ஒருவன் கிசுகிசுத்து, அது வாய் வாயாகப் பின்வரிசைக்கு வந்தது. நல்ல பதிவு எது என்று யார் சொல்வது? அதற்கும் வாக்குத்தான் போடணும். அதுவும் செத்தது.

கடைசியில் எல்லோரும் விரலைத் தூக்கினார்கள். ஒரு விரல். ஆளுக்கு ஒன்று. துளி எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. சத்தமில்லாத மண்டபத்தில் அத்தனை விரலும் எழும்பினபோது, சொல்லக்கூடாது, கணக்கில் இல்லாத நானும் ஒன்றைத் தூக்கினேன். பரிமளா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தப்பன் எழுந்தார். “எனக்கும் சம்மதம்” என்றார், சொல்லுக்கு ஒரு குரலில். அவ்வளவு சீக்கிரம் சம்மதம் வந்தால் பயப்படணும். யாரும் பயப்படவில்லை, கை தட்டினார்கள்.

“ஆளுன்னு எப்படி எழுதறதுங் மாமா?” என்று நவநீதன் கேட்டான்.

“தலைன்னு எழுது” என்றார் அத்தப்பன். “அதுதான் சுத்தமான தமிழ். தலைக்கு ஒண்ணு.”

எழுதினான். சாப்பிட்டு வந்ததும் ஒப்படைத்த வாக்கைப் பற்றித் தலைக்கு ஒரு வாக்குப் போட்டு முடிவு செய்யலாம் என்று இலை போட்டார்கள்.

அந்தப் பிரியாணியை அப்போது யாரும் தொடவில்லை. முதலில் எழுந்து வெளியே போனது யார் என்று இன்றைக்குவரை ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. ஒருவன் போனான், பின்னாலேயே நாலு பேர், பின்னாலேயே மண்டபம் மொத்தமும் வீட்டுக்கு ஓடியது. தலை என்றுதானே இருக்கிறது? ஆட்டுக்குத் தலை இல்லையா? ஆட்டைப் பிடித்துப் போனில் முகத்தைக் காட்டிச் சாவடியில் பேர் சேர்த்தார்கள். மாட்டைச் சேர்த்தார்கள், கூண்டுக் கிளியைச் சேர்த்தார்கள், மாலை போட்ட அப்பன் படத்தைக் காட்டிச் சேர்த்தார்கள், படத்திலும் தலை இருந்தது. பூசாரி நாகர் சிலையைச் சேர்த்தார், அதற்கு ஐந்து தலை. பேர் சேர்ந்ததும் அவையெல்லாம் பேசத் தொடங்கின. வாக்கு இருந்தால் சொல் இருக்கும், அதுதான் எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டதே. ஆடுகள் பேச்சோடு மண்டபத்துக்குள் வந்தன. “நவுரு, நவுரு, எங்க ஊட்டுக்காரரு நிக்கட்டும்” என்றது ஒரு வெள்ளாடு. “பந்தி எப்பங்க?” என்றது இன்னொன்று, பிரியாணியில் கிடந்த தன் ஜாதியை முகர்ந்துகொண்டே. யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆட்டுக்கு நாற்காலி போட்டார்கள்.

ஆனால் ஒரு ஊரில் எத்தனை ஆடு இருக்கும்? அத்தப்பன் பண்ணையில் நாற்பதாயிரம் கோழி. கம்பிக் கூண்டில் வரிசை வரிசையாகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற கோழி. அவர் சொன்னபடி பண்ணைக் கணக்குப்பிள்ளை முதல்நாளே உட்கார்ந்து ஒன்று விடாமல் பேர் ஏற்றி வைத்திருந்தான்.

“ஒப்படைத்த வாக்கைக் கேட்ட அன்றே திருப்பித் தரலாமா?” என்று நவநீதன் படித்தான்.

வடக்கேயிருந்து காற்றில் எச்ச நாற்றம் வந்தது, அதோடு சேர்ந்து பதிலும் வந்தது. நாற்பதாயிரம் தொண்டையும் ஒன்றாக, மரியாதையாக, கொஞ்சம் தூக்கக் கலக்கமாக: “வேண்டாமுங்க.”

கோழியைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அது தீவனம் போட்டவன் பக்கம் பேசும். மண்டபத்துக்குள் என்ன நடந்தது என்பதுதான் சேதி. சம்பத்தின் ஆடு “வேண்டாம்” என்றது. கண்டக்டரின் ஆடு “வேண்டாம்” என்றது. பூசாரியின் நாகர் ஐந்து தலையாலும் “வேண்டாம்” என்றது. வாக்கைத் திருப்பி வாங்கினால் தினசரிப் பங்கு நின்றுபோகும் அல்லவா? ஒருத்தரும் பரிமளாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு விரல் தூக்கின அதே கைகள் அப்போது ஆட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன.

“வேணும்” என்று நான் கத்தினேன். குரைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஆறிப்போன பிரியாணியைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டுத்தான் கலைந்தார்கள்.

பரிமளா சாப்பிடவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு என் பட்டறை வாசலில் வந்து நின்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஈரோடு ஸ்டேஷனில் விட்டேன். ரயில் வருகிறவரை கூட நின்று ஏற்றிவிட்டேன்.

அங்கே நடந்ததை மயில்சாமி பிறகு என் பட்டறையில் உட்கார்ந்து சொன்னான், நடுநடுவே இருமிக்கொண்டு, நான் லேத்தை நிறுத்திவிட்டுக் காதை அவன் வாயோடு வைத்துக் கேட்டேன். ஊரில் நாற்பதாயிரம் கோழிக்கும் பங்கு போனபின் மனுஷனுக்கு மிஞ்சினது அந்த அளவுக் குரல்தான்.

அவன் ரிக் ஆட்கள் சத்தீஸ்கரில் ஒரு காட்டோர கிராமத்தில் கடைசிப் போரைப் போட்டு முடித்திருந்தார்கள். அறுநூறு அடி, நல்ல தண்ணீர். துளை போட்ட இரும்பு ராடுகளை மேலே இழுத்து வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள், குழியின் வாய் திறந்திருந்தது, மறுநாள் கைப்பம்பு வைக்க ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். செம்மண் புழுதிக்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளை பையோடு வருவதை மயில்சாமி பார்த்தான். நடை தெரிந்த நடையாக இருந்தது. கிட்டே வந்ததும்தான் நம்பினான்.

“அம்மிணி, நீ எப்படி—” என்று அவன் ஆரம்பிக்கும்போதே கையிலிருந்த போன் அடித்தது. எடுத்தான்.

“ஏனுங் மாமா, கெளம்பீட்டீங்களா?” என்றது போன். பரிமளாவின் குரல். மெல்லிசான குரல், ‘ன’கரத்தில் லேசாக இழுக்கிற குரல். “நீங்க போயிட்டு வாங்க. நான் நல்லா இருக்கறேன்.”

பரிமளா அவனுக்கு எதிரே இறுக மூடின வாயோடு நின்றுகொண்டிருந்தாள். மயில்சாமி போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். பத்து வருஷமாக அவன் இந்தக் குரலோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறான். ஆள் வருஷத்துக்கு இரண்டு மாதம்தான், மற்றதெல்லாம் குரல்தான். எதிரே நிற்கிறவள் புழுதி அப்பிய முகத்தோடு யாரோ மாதிரி இருந்தாள், போனில் இருந்தவள் அவனுக்கு நன்றாகத் தெரிந்தவளாக இருந்தாள். இதையும் அவனேதான் சொன்னான்.

“நீ இப்ப எங்க இருக்கற அம்மிணி?” என்று போனிடம் கேட்டான்.

“ஊட்லதானுங் மாமா. உலை வெச்சுட்டிருக்கறேன்.”

எதிரே நின்றவளின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிப் புழுதியில் இரண்டு கோடு போட்டது. அவள் அவன் கையைப் பிடிக்கவில்லை, காலைப் பிடிக்கவில்லை. போனைப் பிடுங்கினாள். அது பாட்டுக்கு, “மாமா? ஏனுங் மாமா? போங்க, நான் நல்லா இருக்கறேன்” என்று பேசிக்கொண்டே இருந்தது. அவள் குனிந்து அதைக் குழிக்குள் போட்டாள்.

அது விழுவது வெகுநேரம் கேட்டதாம். இரும்புக் குழாய் சுவரில் மோதி மோதி, “போங்க, போங்க” என்று கீழே போய்க்கொண்டே இருந்ததாம், தண்ணீரில் விழுகிறவரை. விழுந்த பின்னாலும் நிற்கவில்லையாம். ரிக் மேனேஜர் ஓடிவந்து மயில்சாமியை ஹிந்தியிலும் தமிழிலும் திட்டினான். மயில்சாமி தொப்பியைக் கழற்றி வண்டிப் படிமேல் வைத்துவிட்டுப் பரிமளாவின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

அந்தக் கிராமத்தில் இப்போது பம்பு அடித்தால் முதலில் ஒரு பெண்குரல் வருகிறதாம், அப்புறம்தான் தண்ணீர். என்ன சொல்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. தண்ணீர் நன்றாக இருக்கிறது, அதனால் வைத்துக்கொண்டார்கள்.

மயில்சாமியும் பரிமளாவும் ஊர் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் அத்தப்பன் அவர்கள் வீட்டுக்கு வந்தார். அவர் பேச்சில் ஓட்டை விழுந்திருந்தது. ஒவ்வொரு குரலாக வந்துகொண்டே இருக்கும், பரிமளாவின் முறை வந்ததும் வாய் திறந்தபடி நிற்கும், ஒன்றும் வராது, உள்நாக்கு மட்டும் தெரியும், பிறகு அடுத்த ஆளின் குரலில் பேச்சு தொடரும். நடுவில் ஒரு சொல் விழுந்துபோவதால் அவர் விலை பேசினால் விலை மாறியது, வைதால் வாழ்த்தின மாதிரி ஆயிற்று. பின்னாலேயே சம்பத்தும் கண்டக்டரும் ஆடுகளும் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

“ஒப்படைச்ச வாக்கு,” என்றார் இரும்பு கேட்டுக்கு வெளியே நின்று, “என்ற சொத்து. அதைக் கொண்டுபோயி கெணத்துல போட்டவளை நான்—” என்று வாயைத் திறந்தார். அவள் முறை வந்துவிட்டது. வாய் அகலமாகத் திறந்து அப்படியே நின்றது.

பரிமளா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஜிலேபி மீன் அலசிக்கொண்டிருந்தாள். எழுந்தாள். செதிலும் குடலும் மிதந்த குண்டாவை இரண்டு கையாலும் தூக்கி, அந்தத் திறந்த வாய்க்கு நேராகத் தண்ணீரை வீசினாள்.

ஆடுகள் இரண்டடி பின்வாங்கின.

திண்டில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மயில்சாமி, இருமல் அடங்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்து, கோழி அளவு மிச்சமிருந்த தன் குரலில் சொன்னான்.

“இன்னொரு குண்டா இருக்குதுங் மொதலாளி.”